பங்கு வாங்கும் முன் எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது

பங்குகளைப் பற்றிப் படிக்கலாம் என்று கிளம்பினால் ஆளுக்கொரு புத்தகம் சொல்வார்கள். எதை முதலில் எடுப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எதைத் தொடவே வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பெயர் பெற்ற ஒரு புத்தகத்தைத் திறந்தால் ஐம்பதாம் பக்கத்துக்குள் தேய்மானம், ஒதுக்கீடு என்று கணக்குச் சொற்கள் வந்து மறிக்கும். இன்னொன்று அமெரிக்க ரயில்வே கடன் பத்திரங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். அப்படித் தட்டுத்தடுமாறிய பிறகு எனக்குப் பிடிபட்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாருக்கு இது? மாதச் சம்பளத்திலோ கடை வருமானத்திலோ 3,000, 5,000 என்று ஒதுக்கி, நேரடியாகப் பங்கு வாங்கிச் சில வருடங்கள் வைத்திருக்க நினைப்பவர்களுக்கு. காலையில் வாங்கி மாலையில் விற்கும் ஆசை இருந்தால் இந்தப் பட்டியல் உதவாது.

தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் முடிக்கலாம். முதல் மூன்று படிகளுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஆறாவது படியில் வரும் புத்தகங்களை விலை கொடுத்து வாங்கினால் மொத்தம் 2,000 ரூபாய் அளவில் ஆகும், நூலகத்தில் படித்தால் அதுவும் மிச்சம். புகழ்பெற்ற புத்தகங்கள் ஏன் ஆறாவது படிக்குத் தள்ளிப்போயின என்று கேட்பீர்கள். கணக்கு தெரியாமல் அவற்றைப் படித்தால் மேற்கோள்கள் மட்டும்தான் மனதில் நிற்கும். ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஒரு தடவையாவது புரட்டிவிட்டு வந்தால் அதே புத்தகம் வேறு மாதிரி பேசும்.

1. வேண்டாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் வரும் 'நாளைக்கு இந்தப் பங்கு ஏறும்' வகையறாக்களிலிருந்து இன்றைக்கே வெளியேறிவிடுங்கள். அவற்றைப் படித்துக்கொண்டே இன்னொரு பக்கம் ஒழுங்காகக் கற்றுக்கொள்வது நடக்கிற காரியமில்லை.

அப்புறம் எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கை வாங்காமல் அதன் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செபி தளத்தில் அந்த ஆய்வு இலவசமாகக் கிடைக்கிறது. சந்தையைப் பற்றி நீங்கள் படிக்கும் முதல் ஆவணமாக அது இருந்தால் நல்லது.

பணம் வாங்கிக்கொண்டு பங்கு பரிந்துரைப்பவர் யாராக இருந்தாலும் செபி பதிவு எண் கேளுங்கள். ஆராய்ச்சி ஆய்வாளர் என்றால் எண் 'ஐ.என்.எச்.' என்று தொடங்கும். முதலீட்டு ஆலோசகருக்கு 'ஐ.என்.ஏ.', புரோக்கருக்கு 'ஐ.என்.இசட்.'. எண்ணைக் காட்டியதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அடுத்தவர் எண்ணைத் தன்னுடையதாகக் காட்டும் ஆட்கள் உண்டு. செபி தளத்தில் அந்த எண்ணைப் போட்டு, வரும் பெயரும் முகவரியும் இவருடையதுதானா என்று பாருங்கள்.

கட்டண வகுப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஓட்டல் அரங்கில் நடந்த 'இலவச' வகுப்புக்குப் போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் வரைபடம் காட்டினார்கள். மீதி நேரம் முழுக்க ஐந்திலக்கக் கட்டண வகுப்புக்கான விற்பனைதான். செபி 2025 ஜனவரியில் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டது: கல்வி மட்டும் தருகிறேன் என்பவர், கடந்த மூன்று மாதத்துச் சந்தை விலைகளை வைத்துக்கொண்டு பங்குகளின் பெயர் சொல்லிப் பேசக்கூடாது. இன்றைய விலையைத் திரையில் காட்டி 'இதை வாங்குங்கள்' என்று ஒருவர் வகுப்பெடுத்தால், எழுந்து வந்துவிடலாம்.

2. பள்ளிக் கணக்குப்பதிவியல் புத்தகம்

சிரிக்காதீர்கள். தமிழில் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகங்கள் தமிழ் வழியில் பி.டி.எஃப். ஆக இலவசமாகவே கிடைக்கின்றன. வணிகவியல் படித்தவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள், குறிப்பாகப் பொறியியல் படித்தவர்கள், தாண்டாதீர்கள்.

முழுப் புத்தகமும் வேண்டாம். பிளஸ் ஒன்னில் இரட்டைப் பதிவு, தேய்மானம், முதலின வருவாயின நடவடிக்கைகள், இறுதிக் கணக்குகள் போதும். பிளஸ் டூவில் கூட்டாண்மைப் பாடங்களை அப்படியே விட்டுவிட்டு நிறுமக் கணக்குகள், நிதிநிலை அறிக்கைகள் பகுப்பாய்வு, விகிதப் பகுப்பாய்வு ஆகிய மூன்றுக்கு வாருங்கள். விகிதப் பகுப்பாய்வில் உள்ள பயிற்சிக் கணக்குகளைத் தாளில் போட்டுப் பாருங்கள். கண்ணால் படித்துவிட்டுப் 'புரிந்தது' என்று நகர்ந்தால் ஐந்தாவது படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ரொக்க ஓட்ட அறிக்கைக்கு மட்டும் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். கடைசிப் பாடம் அதுதான். ஆங்கிலத்தில் இருக்கும், ஆனாலும் எளிமையான ஆங்கிலம். இந்தப் பாடத்தை விடவே கூடாது. லாபம் காட்டும் நிறுவனம் கையில் காசில்லாமல் தவிப்பது எப்படி என்று இதைப் படித்தால்தான் விளங்கும்.

ஒரு சின்னக் குறிப்பேடு போட்டு, தமிழ்ச் சொல்லையும் அதற்கான ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். பின்னால் படிக்கப்போகும் ஆண்டறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும்.

காலம்: நான்கு முதல் ஆறு வாரம். செலவு: இல்லை. அச்சிட்டுப் படிப்பவர் என்றால் ஜெராக்ஸ் கடைக்கு ஆகும் காசு.

3. சந்தை எப்படி நடக்கிறது

செபியின் நிதிக் கல்விக் கையேடு தமிழிலும் இருக்கிறது. இரண்டு மாலை நேரம் போதும். சேமிப்பு, காப்பீடு என்று எல்லாம் கலந்திருக்கும். பங்குச் சந்தைப் பகுதியையும் மோசடித் திட்டங்கள் பற்றிய பகுதியையும் கவனமாகப் படியுங்கள்.

அடுத்தது, செபிக்காக அதன் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வு. தேர்வும் இலவசம், அதற்கான பாடநூலும் இலவசம். சான்றிதழால் வேலை எதுவும் கிடைக்காது. ஆனால் தேர்வு என்று ஒன்று இருந்தால்தான் நம்மில் பலருக்குப் படிப்பு முடியும். கவனிக்க வேண்டியது ஒன்று: என்.ஐ.எஸ்.எம். கட்டணம் வாங்கி நடத்தும் பல தேர்வுகள் தனியாக இருக்கின்றன. அவை இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கானவை. பெயர் ஒன்றுபோலத் தெரிவதால் தவறானதற்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஆங்கிலம் வருமானால் ஜெரோதா என்ற புரோக்கர் நிறுவனத்தின் பாடத் தளமான வார்சிட்டியையும் படிக்கலாம், அதுவும் இலவசம். அதில் முதல் பகுதி சந்தை அறிமுகம், இரண்டாவது டெக்னிக்கல் அனாலிசிஸ் (விலை வரைபடங்களைப் படிப்பது), மூன்றாவது ஃபண்டமென்டல் அனாலிசிஸ் (நிறுவனத்தின் தொழிலையும் கணக்கையும் படிப்பது). வரிசைப்படி போகாதீர்கள். ஒன்றை முடித்துவிட்டு நேரே மூன்றுக்குப் போங்கள். இரண்டாவதில் நுழைபவர்கள் பெரும்பாலும் மெழுகுவத்தி வரைபடங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். அதற்கு அடுத்து வருபவை எஃப் அண்ட் ஓ. அங்கே போகத் தேவையே இல்லை. இலவசப் பாடம் தருபவர் புரோக்கர் என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் அதிகம் வாங்கி விற்றால் புரோக்கருக்கு வருமானம் கூடும்.

4. கணக்கு தொடங்கும்போது கையெழுத்துப் போடும் தாள்கள்

படிக்க வேண்டியவை என்று யாரும் சேர்க்காத பட்டியல் இது. ஆனால் உங்கள் பணத்தோடு நேரடித் தொடர்புள்ள தாள்கள் இவைதான்.

பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கைத் தொடங்க பான் அட்டை, ஆதார், ரத்து செய்த காசோலை அல்லது வங்கி அறிக்கை, வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்து ஆகியவை வேண்டும். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். பெயரின் எழுத்துகளும் இனிஷியலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். நம் ஊரில் தாமதமெல்லாம் பெரும்பாலும் இந்த இனிஷியலில்தான். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு மூன்று வேலை நாளில் கணக்கு திறந்துவிடும். வருமானச் சான்று கேட்டால் நின்று பாருங்கள்: அது எஃப் அண்ட் ஓ-வுக்காகக் கேட்பது. அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் விட்டுவிடலாம்.

கட்டணப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். 'புரோக்கரேஜ் பூஜ்யம்' என்ற விளம்பரத்துக்குப் பின்னாலும் செலவு உண்டு. டெலிவரியில், அதாவது பங்கைக் கணக்கில் எடுத்து வைத்துக்கொள்ளும் முறையில், வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 விழுக்காடு எஸ்.டி.டி. எனும் பங்குப் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது 0.015 விழுக்காடு முத்திரைத் தீர்வை, பரிமாற்றகக் (என்.எஸ்.இ., பி.எஸ்.இ.) கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. விற்கும் நாளில், பங்கை டீமேட் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு டி.பி. கட்டணம் என்று ஒன்று தனியாக வரும். ஒரு பங்கை விற்றாலும் நூறு பங்கை விற்றாலும் அது ஒரே தொகை. 300 ரூபாய்ப் பங்கு ஒன்றை மட்டும் 'விற்றுப் பார்ப்போம்' என்று விற்பவருக்கு இதில் லாபம் கரைந்துவிடும்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு சலுகை இருக்கிறது. உங்கள் பெயரில் ஒரே ஒரு டீமேட் கணக்குதான் இருக்கிறது, அதிலுள்ள பங்குகளின் மதிப்பு 4 லட்சம் ரூபாய்க்குள் என்றால், அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்ற வகையில் அந்தக் கட்டணமே கிடையாது. 2024 செப்டம்பர் முதல் இந்த வரம்பு. சலுகைக் கூப்பன் ஆசைக்கு இன்னொரு புரோக்கரிடமும் கணக்கு தொடங்கினால் இந்தத் தகுதி போய்விடும்.

கணக்கு திறந்த பிறகு இரண்டு தாள்கள் மின்னஞ்சலில் வரும். வர்த்தகம் செய்த நாளில் கான்ட்ராக்ட் நோட் வரும். நீங்கள் வாங்கிய விலையும் பிடித்த கட்டணமும் வரி வரியாக இருக்கும். பரிவர்த்தனை நடந்த மாதத்துக்கு ஒரு தடவை, எதுவும் நடக்காவிட்டால் அரையாண்டுக்கு ஒரு தடவை, நம் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் காப்பகங்களான என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை வரும். அந்த பி.டி.எஃப்-க்குக் கடவுச்சொல் உங்கள் பான் எண். பலர் இந்த இரண்டையும் திறப்பதே இல்லை. புரோக்கர் செயலியில் தெரியும் பங்குகள் உண்மையிலேயே உங்கள் பெயரில் இருக்கின்றனவா என்பதை இந்தக் கணக்கு அறிக்கைதான் சொல்லும், ஏனென்றால் அதை அனுப்புவது புரோக்கர் இல்லை. 2019 நவம்பரில் கார்வி ஸ்டாக் புரோக்கிங் வாடிக்கையாளர்களின் பங்குகளை அடமானம் வைத்த விவகாரத்தில் செபி தடை உத்தரவு போட்டது. அப்படியொன்று நடக்கும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதம் இதுதான்.

5. ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

வழிகாட்டியின் நடு மையம் இது. அவசரப்படாதீர்கள், ஒரு ஆண்டறிக்கைக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும்? நிறுவனத்தின் தளத்தில் முதலீட்டாளர் பகுதியில் இருக்கும். என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களிலும் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் பல ஆண்டுகளுக்கானது கிடைக்கும். ஸ்க்ரீனர் தளத்தில் பத்து ஆண்டுக் கணக்குகளை ஒரே அட்டவணையில் இலவசமாகப் பார்க்கலாம். அட்டவணை வசதிக்குத்தான், மூல ஆவணத்துக்கு மாற்று இல்லை.

எந்த நிறுவனத்தை முதலில் எடுப்பது? வாங்க நினைக்கும் பங்கை எடுக்காதீர்கள். வாங்க வேண்டும் என்ற ஆசையோடு படித்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும். பொருளைப் பார்த்தாலே தொழில் விளங்குகிற ஒரு உற்பத்தி நிறுவனத்தை எடுங்கள். வங்கி வேண்டாம். கும்பகோணத்துக்காரர் சிட்டி யூனியன் வங்கியையும் தூத்துக்குடிக்காரர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியையும் எடுக்கத் துடிப்பார்கள், புரிகிறது. ஆனால் வங்கியின் கணக்கு அமைப்பே வேறு. அங்கே கடன் கொடுப்பதுதான் சொத்து, நாம் போடும் வைப்புத்தொகை அவர்களுக்குப் பொறுப்பு. பள்ளிப் புத்தகத்தில் படித்த விகிதங்களில் பாதி அங்கே பொருந்தாது. அதை ஒரு வருடம் கழித்துப் பாருங்கள்.

ஒரு ஆண்டறிக்கை 300, 400 பக்கம் இருக்கும். முன்பக்கங்களில் சிரிக்கும் தொழிலாளர்கள், காற்றாலை, பச்சை வயல். அதெல்லாம் விளம்பரத் துறையின் கைவண்ணம். கணக்கு பின்பாதியில் இருக்கிறது. நான் சொல்லும் வரிசை இது.

முதலில் தணிக்கையாளர் அறிக்கை. 'எங்கள் கருத்து' என்ற பத்தியைத் தேடுங்கள். கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்று நிபந்தனை இல்லாமல் சொல்லியிருந்தால் சரி. 'இதைத் தவிர' என்ற பொருளில் ஏதாவது ஒரு வரம்பு போட்டிருந்தாலோ, கருத்துச் சொல்லவே மறுத்திருந்தாலோ அந்த நிறுவனத்தை மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். புதியவருக்கு அதை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் வேலை வேண்டாம். முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதியில், எந்த இடத்தில் கணக்கு சிக்கலானது என்று தணிக்கையாளரே சொல்லியிருப்பார். முழு அறிக்கையிலும் நேர்மையான பக்கங்கள் என்று நான் நினைப்பது அவற்றைத்தான். தணிக்கையாளர் பதவிக்காலம் முடியாமலே நடுவில் விலகியிருந்தால் காரணத்தைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தது ரொக்க ஓட்ட அறிக்கை. தொழிலிலிருந்து வந்த ரொக்கத்தை ஐந்தாறு ஆண்டுக்குக் கூட்டுங்கள். அதே ஆண்டுகளின் நிகர லாபத்தையும் கூட்டுங்கள். லாபம் 500 கோடி, ரொக்கம் 150 கோடி என்றால் மீதி எங்கே போனது? விற்ற சரக்குக்கு வசூலாகவில்லையா, கிடங்கில் தேங்கிக் கிடக்கிறதா? பதில் இருப்புநிலைக் குறிப்பில் கிடைக்கும். வேகமாக வளரும் நிறுவனத்தில் கொஞ்சம் இடைவெளி இருக்கலாம். வருடா வருடம் அப்படியே தொடர்ந்தால் அது வேறு கதை.

மூன்றாவது, கணக்குக் குறிப்புகள். சின்ன எழுத்தில் நூறு பக்கம் போகும். எல்லாம் வேண்டாம். தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகளைப் பாருங்கள்: புரமோட்டரின் (நிறுவனத்தைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) சொந்த நிறுவனத்துக்குக் கடன், மகன் பெயரில் உள்ள கட்டடத்துக்கு வாடகை, குடும்பத்தினருக்குச் சம்பளம், எல்லாம் அங்கே வரும். அடுத்து, நேரக்கூடிய பொறுப்புகள்: வரி வழக்குகள், மற்றவர் கடனுக்குக் கொடுத்த உத்தரவாதங்கள். வர வேண்டிய பாக்கிகள் எத்தனை காலமாக நிலுவையில் இருக்கின்றன என்ற அட்டவணையும் முக்கியம்.

தலைவர் கடிதமும் நிர்வாகத்தின் விளக்கமும் கடைசியில். எண்களைப் பார்த்துவிட்டு அவர்கள் வார்த்தைகளுக்கு வந்தால், எதைப் பற்றிப் பேசாமல் நழுவுகிறார்கள் என்று பளிச்சென்று தெரியும். இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சொன்ன திட்டங்கள் இப்போது என்னவாயின?

சிக்க வைக்கும் இடங்கள் சில. எண்கள் கோடியிலா, லட்சத்திலா, மில்லியனிலா என்று பக்கத்தின் மேல் ஓரத்தில் பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தனித்த கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு இருக்கும். துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டுவதால் ஒருங்கிணைந்ததைத்தான் முதன்மையாக எடுக்க வேண்டும், ஆனால் அதிலும் கவனம் வேண்டும். டி.வி.எஸ். மோட்டாரின் ஒருங்கிணைந்த கணக்கில் கடன் தொகை பெரிதாகத் தெரியும். வண்டிக் கடன் கொடுக்கும் துணை நிறுவனமான டி.வி.எஸ். கிரெடிட் வாங்கிய கடனும் அதில் சேர்ந்திருப்பதே காரணம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

தணிக்கையாளர் கையெழுத்து உத்தரவாதம் இல்லை என்பதற்குச் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் போதும். 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இல்லாத பணத்துக்கு 376 கோடி ரூபாய் வட்டி வர வேண்டியிருப்பதாகவும் கணக்கு எழுதியிருந்தார்கள். அதனால் நிறைய ரொக்கம் வைத்திருப்பதாகச் சொல்லும் நிறுவனத்தில், வட்டி வருமானம் அந்தத் தொகைக்கு ஏற்ற மாதிரி இருக்கிறதா, அது கைக்கு வந்ததா அல்லது 'வர வேண்டியது' என்றே நிற்கிறதா என்று பாருங்கள். அவ்வளவு பணம் இருந்தும் ஏன் கடன் வாங்குகிறார்கள், ஏன் டிவிடெண்ட் (பங்குதாரர்களுக்கு லாபத்திலிருந்து தரும் தொகை) தருவதில்லை என்ற கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி மூன்று நிறுவனங்களை, முடிந்தால் ஒரே தொழிலில் உள்ள மூன்றை, முடித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

6. இப்போது புத்தகங்கள்

தமிழில் தொடங்க வேண்டுமென்றால் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' வரிசையின் முதல் பாகம். கிழக்கு பதிப்பகம் வெளியீடு. கதை சொல்வதுபோல எளிதாகப் போகும். தலைப்பைப் பார்த்து நீங்கள் நினைப்பது போல இல்லை, நிதானமான புத்தகம். வேண்டுமானால் இதை மட்டும் மூன்றாவது படியோடு சேர்த்துப் படிக்கலாம்.

பெஞ்சமின் கிரகாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' 1949-இல் வந்தது. கடைகளில் பரவலாகக் கிடைப்பது ஜேசன் ஸ்வைக் விளக்கவுரையோடு கூடிய பதிப்பு. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் பாதியில் விடுவது கிட்டத்தட்ட உறுதி. எட்டாம் அத்தியாயத்தையும் இருபதாம் அத்தியாயத்தையும் முதலில் படியுங்கள். எட்டு, சந்தையின் ஏற்ற இறக்கத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது. இருபது, பாதுகாப்பு இடைவெளி: பங்கின் உண்மையான மதிப்பைவிட நன்றாகக் குறைந்த விலையில் வாங்குவது. வேறு எதுவும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டும் முக்கியம். அந்தக் காலத்து அமெரிக்க நிறுவனங்களை ஒப்பிடும் பகுதிகளை மேலோட்டமாகப் புரட்டினால் போதும்.

பீட்டர் லிஞ்சின் 'ஒன் அப் ஆன் வால் ஸ்ட்ரீட்', 1989. நிறுவனங்களை ஆறு வகையாகப் பிரிக்கும் பகுதிதான் இதில் புதையல்: மெதுவாக வளர்வது, உறுதியானது, வேகமாக வளர்வது, சுழற்சியில் ஏறி இறங்குவது, விழுந்து எழுவது, சொத்து மறைந்திருப்பது. சிமென்ட், சர்க்கரை மாதிரி சுழற்சித் தொழிலில் பி.இ. விகிதம் (பங்கின் விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப்போல எத்தனை மடங்கு என்பது) குறைவாக இருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது இதைப் படித்தால் உறைக்கும். லிஞ்சைப் பற்றி எல்லோரும் சொல்வது 'தெரிந்த பொருளைச் செய்யும் நிறுவனத்தை வாங்கு' என்ற ஒற்றை வரி. அவர் அதை ஆரம்பப் புள்ளி என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு கணக்கைப் பார்க்கச் சொன்ன பக்கங்களை வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஜான் போகலின் 'தி லிட்டில் புக் ஆஃப் காமன் சென்ஸ் இன்வெஸ்டிங்' 2007-இல் வந்தது. தனிப்பங்கு தேடாதே, சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் மொத்தமாக வாங்கி வைக்கும் குறியீட்டு நிதியை வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்கிறது. பங்கு கற்கப் போகிறவருக்கு ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இவ்வளவு படித்தும் தனிப்பங்கு தேர்ந்தெடுப்பது நமக்கு ஒத்துவராது என்று சிலருக்குத் தோன்றும். அந்த முடிவுக்கு வருபவர்கள் சேமிப்பின் பெரும்பகுதியை நிஃப்டி குறியீட்டு நிதியில் போட்டுவிட்டு, சிறு தொகையில் மட்டும் பங்கு வாங்கிப் பழகலாம். என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்கு அதுதான் சரி.

வாரன் பஃபெட் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1977 முதலானவை பெர்க்‌ஷயர் ஹாத்தவே தளத்தில் இலவசம். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்களுக்குச் செலவு செய்யும் முன் இவற்றைப் படியுங்கள்.

வாங்கும்போது கவனிக்க: இந்தியச் சந்தை பற்றிய புத்தகம் என்றால் அச்சான ஆண்டைப் பாருங்கள். நீண்டகால மூலதன லாபத்துக்கு வரி இல்லை என்று இருந்தால் அது 2018-க்கு முந்தையது. டிவிடெண்டுக்கு நாம் வரி கட்ட வேண்டாம் என்று இருந்தால் 2020-க்கு முந்தையது. இப்போதைய நிலை, 2024 ஜூலை 23-இல் வந்தது: பங்கை ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 விழுக்காடு, அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டிய லாபத்துக்கு 12.5 விழுக்காடு. விற்ற பங்குக்குப் பணம் வர இரண்டு நாள் என்றிருந்தாலும் பழசுதான், 2023 ஜனவரி முதல் ஒரே வேலை நாள். கருத்துகள் பழசாவதில்லை, விதிகள் ஆகிவிடும். பழைய புத்தகத்தில் வரி, கட்டணம் பகுதியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படியுங்கள்.

நடைபாதையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கும் ஆங்கிலப் புத்தகங்கள் பெரும்பாலும் திருட்டு அச்சு. அட்டவணைகள் மங்கியிருக்கும், சில நேரம் பக்கங்களே இருக்காது. அவசரமில்லை என்றால் ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 விழுக்காடு கழிவோடு வாங்கலாம். வாங்கும் முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ உட்கார்ந்து ஒரு அத்தியாயம் படித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

7. காலாண்டுக்கு ஒரு தடவை

பங்கு வாங்கிய பிறகு தினமும் விலை பார்ப்பதை விட்டுவிட்டு, நாட்காட்டியில் சில தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகள் வர வேண்டும், அதாவது ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14. மார்ச் காலாண்டுக்கும் முழு ஆண்டுக்கும் மட்டும் 60 நாள், மே 30. யார் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறார்கள் என்ற விவரம் காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் வரும். அதில் புரமோட்டர் பங்குகளில் எவ்வளவு அடமானத்தில் இருக்கிறது என்ற வரியை மட்டும் தவறாமல் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் காரணம் தேடுங்கள். ஆண்டறிக்கைகள் ஜூலை முதல் செப்டம்பர் வரை, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்னால் வந்து சேரும்.

முடிவுகளை விட எனக்குப் பிடித்தது, முடிவுக்குப் பிறகு ஆய்வாளர்களோடு நிர்வாகம் பேசும் தொலைபேசிக் கூட்டத்தின் எழுத்து வடிவம். ஐந்து வேலை நாளுக்குள் பரிமாற்றகத் தளத்தில் போட்டுவிடுவார்கள். நிர்வாகத்தின் தொடக்க உரையை விட்டுவிட்டுக் கேள்வி பதிலுக்குப் போங்கள். நேரடியான கேள்விக்கு யார் நேரடியாகப் பதில் சொல்கிறார்கள், யார் 'அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்' என்று நழுவுகிறார்கள் என்பது நான்கைந்து காலாண்டுகளில் பழகிவிடும்.

ஒரு நிறுவனத்துக்கு இதெல்லாம் சேர்த்து காலாண்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். உங்களால் எத்தனை பங்கு வைத்திருக்க முடியும் என்பதை அந்த மணிக்கணக்கே முடிவு செய்யட்டும். வேலைக்குப் போகிறவருக்குப் பத்தைத் தாண்டினால் சிரமம்.

8. ஐ.பி.ஓ. வந்தால்

ஐ.பி.ஓ. என்பது ஒரு நிறுவனம் முதல் முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது. அதற்கான வரைவு விளக்க ஆவணம் செபி தளத்தில் வரும். ஆண்டறிக்கையைவிடத் தடிமன், 400 பக்கத்துக்குக் குறையாது. திரட்டும் பணம் எதற்கு என்ற பகுதியை முதலில் பாருங்கள். புதிய பங்குகள் வெளியிட்டுத் தொழிலுக்குப் பணம் வருகிறதா, அல்லது பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்று வெளியேறுகிறார்களா? பின்னது என்றால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் போகாது. அடுத்து ஆபத்துக் காரணிகள், முதல் பத்து போதும். பிறகு நிலுவை வழக்குகள், அப்புறம் மூன்று ஆண்டுக் கணக்கு. ஐ.பி.ஓ-வுக்கு முந்தைய ஒரு வருடத்தில் மட்டும் லாபம் திடீரென்று எகிறியிருந்தால் ஏன் என்று அதிலேயே தேடுங்கள்.

சிறு முதலீட்டாளர் பிரிவில் 2 லட்சம் ரூபாய் வரை விண்ணப்பிக்கலாம். பணம் வங்கிக் கணக்கிலேயே முடக்கப்பட்டு, ஒதுக்கீடு கிடைத்தால் மட்டும் எடுக்கப்படும். விண்ணப்பம் முடிந்த மூன்றாவது வேலை நாளில் பங்கு பட்டியலிடப்படும். பட்டியலாகும் முன்பே சந்தைக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தை வைத்து 'கிரே மார்க்கெட்டில் இவ்வளவு பிரீமியம்' என்று வரும் எண்ணை யாரும் கண்காணிப்பதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லவும் ஆளில்லை.

விண்ணப்பம் பெரும்பாலும் மூன்று வேலை நாள்தான் திறந்திருக்கும். ஆவணம் அதற்குப் பல நாள் முன்பே கிடைத்துவிடும். அதற்குள் மேலே சொன்ன பகுதிகளைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை என்றால் அந்த வெளியீட்டை விட்டுவிடுங்கள். பட்டியலான பிறகும் பங்கு கிடைக்கும், இரண்டு காலாண்டு முடிவுகளும் அப்போது கையில் இருக்கும்.